புதுக்கடை லேபிள்

கம்பெனியில் மெஷின் துடைக்க வந்த பழந்துணி மூட்டையைப் பிரித்ததும் ராஜலட்சுமி, "இது எம் புள்ள சட்டைடி!" என்று கத்திவிட்டாள். மேலாகவே கிடந்தது, மகன் விமல்ராஜுக்குப் பிடித்த நீலக் கட்டம் போட்ட சட்டை.

"தம்பி கோச்சிக்கினு போறதுக்கு முன்னாடி போட்ட பழசா இருக்கும்க்கா," என்றாள் கூட வேலை செய்யும் மோகனப்ரியா.

ராஜலட்சுமி காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். ரோடு அகலப்படுத்தியதில் வாலாஜாபாத் டெய்லர் போன வருஷம்தான் கடை மாற்றினார். லேபிளில் இருந்தது புது விலாசம். அப்படியென்றால் போன தீபாவளிக்கு அவளே தைக்கக் கொடுத்தது! அப்பாவிடம் மட்டும் பேசுகிற மகனுக்கு, வருஷா வருஷம் புதுச்சட்டையை அவள் புருஷன் திருநாவுக்கரசுதான் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

"அப்போ தம்பி இந்தப் பக்கந்தான் எங்கியோ கீது!"

ராஜலட்சுமிக்கும் நெஞ்சு பொங்கியது. அப்புறம்தான் கவனித்தாள். காலரில் அவள் வைத்த மஞ்சள், தண்ணீரே படாமல் அப்படியே இருந்தது.

சாயங்காலம் சட்டையைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

அவர் நிமிரவில்லை. "அவன் வூடு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது லட்சுமி. ஸ்ரீபெரும்புதூர்ல எறங்கி, பழைய துணிக்காரன்கிட்ட போட்டுட்டுத் திரும்பிடுவேன்."

"உடம்பு வெச்சிட்டான், சட்டை பத்தலன்னு வருஷா வருஷம் வந்து சொன்னீங்களே... நானும் பெருசு பெருசாத் தைக்கக் குடுத்தேனே..."

"புள்ள நல்லா சாப்புடறான்னு சொன்னா, அன்னிக்காவது நீ ஒரு வாய் சோறு துன்னுவே."