எலிக்குத் தெரியாத பாஷை

"எலிக்கா? இந்தப் பெட்டி எலிக்கா?"

துறைமுகக் கேற்றின் சென்றியில் காவல் நின்ற சிப்பாய் சிங்களத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது. விரல் துவக்கை விட்டு விலகவில்லை.

நடுவில் நின்ற கதிரவேல் நெற்றி வியர்வையைத் துடைத்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். தெற்கிலிருந்து வந்த ஆட்களோடு சேர்ந்து தூக்கித் தூக்கி முதுகும் வளைந்தது, சிங்களமும் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் கேற்றைத் தாண்டி வெளியே வந்தவனை, "பாஷை தெரிந்தவன் இங்கே வா" என்று சிப்பாய் கூப்பிட்டு நிறுத்திவிட்டான்.

எதிரே, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி குலசிங்கம். பட்டினத்தில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவர். கேற்றடியில் கன நேரமாக நின்றவரைச் சோதித்ததில், காற்சட்டைப் பைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி அகப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் வயர். வயர் முளைத்த பெட்டி ஒன்று, குண்டு என்ற சந்தேகத்தில், ஓர் ஆளையே இல்லாமலாக்கப் போதுமான காலம் அது.

"உயிருள்ள எலி இல்லை, மவுஸ் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றார் குலசிங்கம். அவருக்குச் சிங்களத்தில் 'மாத்தயா' என்ற 'ஐயா'வுக்கு மேல் ஒரு சொல் ஓடாது. "கம்ப்யூட்டர் பழசு. அதுக்குரிய மவுஸ் இப்ப தேடி எடுக்க ஏலாது. புது மவுஸைப் பூட்டினால் அது ஒரு பாஷை கதைக்கும், கம்ப்யூட்டருக்கு வேற பாஷைதான் விளங்கும். முனையை மாத்திப் பூட்டினால் மட்டும் காணாது. இந்தப் பெட்டி நடுவில நிண்டு, அது சொல்றதை இதுக்கு விளங்கிற மாதிரி மாத்திச் சொல்லும். இப்ப நீங்கள் நிக்கிறீங்களே, அதைப் போலத்தான்."

கதிரவேல் தட்டுத் தடங்கல் இல்லாமல் சிங்களத்தில் சொன்னான். சிப்பாயின் புருவம் உயர்ந்தது.

"மூட்டை தூக்குகிறவனுக்கு இவ்வளவு விளங்குமா? உன் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருக்கிறதோ?"

"ஓலைக் குடிசையில் கம்ப்யூட்டரா, சேர்?"

பக்கத்தில் நின்ற இன்னொரு சிப்பாய் சிரித்தான். கதிரவேலும் சேர்ந்து சிரித்தான்.

"இவனை உனக்குத் தெரியுமா?"

"கடைத்தெருவில்... கண்டிருக்கிறேன்."

சொன்ன பிறகு நாக்கு கசந்தது.

"சரி. யாருக்காக இந்தக் கேற்றடியில் காவல் நிற்கிறான்? கேள்."

கதிரவேல் கேட்டான். குலசிங்கத்தின் முகத்தில், தப்பினேன் என்பது போல ஒரு தெளிவு வந்தது. கையை இறக்காமலே பதில் சொன்னார்.

கதிரவேலுக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. தன்னோடு மூட்டை தூக்கிய தம்பு, 'சின்ன விசாரணை' என்று போனவன் இன்னும் வீடு திரும்பவில்லை. தம்புவின் பெண்சாதி ஒவ்வொரு நாளும் இதே கேற்றடிக்கு வந்து போகிறாள்.

"ஒருவருக்காகவும் இல்லையாம், சேர்" என்றான். "சும்மா நின்றானாம்."

சிப்பாயின் சிரிப்பு அணைந்தது. குலசிங்கத்தின் சேட்டுக் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"என்னவாம் அண்ணை? என்ன சொல்றான்?"

"விசாரிச்சுப்போட்டு விடுவினமாம், தம்பி" என்றான் கதிரவேல், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

ஏழு நாள், ஒரு கிழமை போனது. குலசிங்கம் வீடு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டும் கதிரவேல் கடைப்பக்கம் போகவில்லை. வேலைக்குப் போகவும் வரவும் வேறு சந்து ஒழுங்கையால் சுற்றினான். கடைசியில் குலசிங்கத்தின் மனைவி பூரணிதான் மீன் சந்தையில் அவனைக் கண்டு மறித்தாள்.

"என்னண்ணை, கடன்காரன் மாதிரி ஒளிச்சு ஓடுறீங்கள்? நீங்கள் அண்டைக்கு நடுவில நிண்டு கதைச்சபடியாத்தான் இவர் உயிரோட வந்தவர். வாங்கோ, ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டன்."

இழுக்காத குறையாகக் கூட்டிவந்து கடைக்குள் கதிரையில் இருத்தினாள். இஞ்சி போட்ட தேத்தண்ணி. கதிரவேல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய்க்குக் கொண்டுபோகக் கை வரவில்லை.

குலசிங்கம் சுவரைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"பெட்டியைத் திருப்பித் தந்திட்டினம் அண்ணை. கழட்டிப் பாத்துப்போட்டுப் பூட்டியும் இருக்கு. அதுக்கு ஒரு கீறல் இல்லை. கீறலெல்லாம் எனக்குத்தான்."

"பகிடி விடுற நேரம்!" என்று அதட்டிவிட்டுப் பூரணி கடைக்குப் பின்னால் இருந்த குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

"தம்பி, நான்..." என்று தொடங்கினான் கதிரவேல்.

"நீங்கள் என்ன செய்யிறது? உங்களால ஏலுமானதைச் செய்தனீங்கள்." குலசிங்கம் மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்தார். வயரைச் சுற்றினார். "எனக்கு ஒண்டுதான் இன்னும் விளங்கேல்லை அண்ணை. படுத்தாலும் அதுதான் யோசினை. நான் உள்ளதைத்தானே சொன்னனான். நீங்களும் அதை அப்பிடியே மாத்திச் சொன்னனீங்கள். பிறகேன் அவன் நம்பேல்லை?"

கோப்பையை ஒரு கையில் பிடித்தபடி கதிரவேல் கதிரையை விட்டு எழப்பார்த்தான்.

"'உங்களுக்காகத்தான் அண்ணை நிக்கிறன், உங்கட மகள் கோணேஸ்வரியின்ர கம்ப்யூட்டருக்குத்தான் இந்தச் சாமான்' எண்டுதானே சொன்னனான்" என்றபடி, குலசிங்கம் அந்தப் பெட்டியைக் கதிரவேலின் மற்றக் கைக்குள் வைத்தார்.