இன்னும் வரலைங்க

"இன்னும் வரலைங்க!" என்று கத்தினேன்.

திரையில் படம் பளிச்சென்று தெரிந்தது.

கேரவன் கூரைமேல் என் கணவர் டிஷ்ஷோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலடி திம் திம்மென்று என் தலைக்கு மேலே விழுந்தது. டிஷ்ஷைச் செய்தவன், விற்றவன், வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட் என ஒருவரையும் விடாமல் திட்டினார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"கண்ண நல்லாத் தொறந்து பாருடி. இப்ப வருதா?"

"ஊஹூம். வெறும் நீலமாத்தான் இருக்கு."

நீலம் இருந்தது உண்மைதான். மத்தியானச் செய்தி வாசிக்கிற என் மகளின் கோட்டு நீலம்.

சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தேன். அவள் குரல் மேலே கேட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். உதடு அசைவதைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். பெற்றவளுக்கு வந்த கேடு.

இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி ஒரு வாரமாகிறது. ஒரு வாரமும் இதே வேலைதான். செய்திக்குச் சற்று முன்னால் டிவிக்குப் பின்னே கையை விட்டு வயரைப் பிடுங்கிவிடுவேன். "படம் போயிடுச்சுங்க" என்பேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியின் பின்பக்க ஏணியில் ஏறுவார். கால் மறைந்ததும் வயரைச் செருகிவிடுவேன். செய்தி முடிந்த பிறகு, வந்துவிட்டது என்று ஒரு கூப்பாடு. இறங்கி வந்து ஏதாவது கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பார்.

ஏன் இந்தத் திருட்டுத்தனம் என்றால், அவள் முகத்தை இந்த வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு.

அவர் குடிநீர் வாரியத்தில் இன்ஜினியராக இருந்தவர். கெட்ட தண்ணீரைக் குடித்து ஒரு தெருவே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தது. அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அன்றைக்கு அந்தச் செய்தியை வாசித்தது எங்கள் மகள். முன்பின் தெரியாத எவனோ ஒருவனின் பெயரைப் போல அப்பா பெயரைக் கண் இமைக்காமல் வாசித்தாள். அடுத்தது வானிலை என்றாள்.

எனக்கும் அவள்மேல் கோபம் இல்லாமல் இல்லை. ஒரு நொடி தடுமாறியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அதற்காகப் பெற்ற பெண்ணைத் தலைமுழுகிவிட முடியுமா? அவர் முழுகிவிட்டார். ஊரார் முகத்தில் விழிக்க முடியாதென்று வீட்டை விற்று இந்தக் கேரவனை வாங்கினார். வீடு போயிற்று. வீட்டில் போட்ட உத்தரவு மட்டும் சக்கரம் கட்டிக்கொண்டு கூடவே வந்தது.

போனில் பார்க்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. டிஷ்ஷை மரம் மறைக்கக் கூடாதென்று அவர் தேடிப் பிடித்து நிறுத்துகிற பொட்டல்களில் போனுக்குச் சிக்னல் கிடைப்பதில்லை.

அந்த டிஷ்ஷை அவரே மாட்டினார். ஆட்டம் பார்க்க வேண்டுமாம். கூரையில் துளை போட்டு, மழைத்தண்ணீர் இறங்காமல் பசை அடைத்து, எல்லாம் தன் கையாலேயே. இங்கே வந்த அன்று ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தினார், திசை பார்த்துத் திருப்பினார், மறுபடி இறுக்கினார். ஒரு விரற்கடை அசைந்தாலும் படம் போய்விடும் என்று எனக்குப் பாடம் வேறு.

மேலே டமாலென்று ஒரு குத்து விழுந்தது.

"சனியன் புடிச்ச டிஷ்ஷு! எவ்வளவு திருப்பினாலும் மாட்டேங்குது!"

திருப்பட்டும். வெயில் மண்டையைப் பிளக்கட்டும். மகளே வேண்டாமென்ற மனிதருக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

ஒரு வாரமாக இத்தனை திருப்பியும் படம் ஒரு தடவைகூட ஆடவில்லை. என் நல்ல காலம் என்று நினைத்திருந்தேன்.

மகள் கொஞ்சம் இளைத்திருந்தாள். கிட்டத்தில் பார்க்கலாமென்று இருக்கையில் முன்னால் நகர்ந்தேன். தொடையில் ஏதோ குத்தியது. மெத்தை இடுக்கில் கையை விட்டு எடுத்தேன்.

ஸ்பேனர்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். இது இல்லாமல் எப்பேர்ப்பட்ட பலசாலியாலும் அந்த நட்டை அசைக்க முடியாது. மேலே போனதும் கையில் இல்லையென்று தெரிந்திருக்குமே. இறங்கி வந்து எடுத்துப் போகவில்லை. எடுத்துக் கொடு என்று கேட்கவும் இல்லை.

அவர் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் தெரிந்தேதான் தினமும் ஏறியிருக்கிறார். நான் வயரைப் பிடுங்குவதும் தெரியும், யாரைப் பார்க்கிறேன் என்பதும் தெரியும். நீ பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அதற்கு வெயிலில் வேகலாம், தொண்டை கட்டக் கத்தலாம். நான் இங்கே சொந்த மகளைத் திருடி மாதிரி ஊமைப்படமாகப் பார்க்க வேண்டும். நல்ல வீம்பு!

எழுந்தேன். கூரையில் இருந்த சின்ன ஜன்னலை ஸ்பேனராலேயே ஒரு தள்ளுத் தள்ளினேன். படாரென்று திறந்துகொண்டது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை வைத்தேன்.

என் மகளின் குரல் வண்டிக்குள் வந்தது. எங்கோ ஒரு பாலம் திறந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேலே திட்டு பாதியில் நின்றது. காலடியும் நின்றது.

இறங்கி வந்து சாமியாடப் போகிறார் என்று ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றேன். வரட்டும், நானும் ஒரு கை பார்க்கிறேன்.

அவர் வரவில்லை. ஜன்னலை ஒட்டி மெல்ல உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, அதே எரிச்சலோடு குரல் மட்டும் இறங்கி வந்தது.

"ஒண்ணும் காதுல விழலடி! இன்னும் கொஞ்சம் கூட்டித் தொலையேன்!"