பெஞ்சில் இருந்த பிள்ளை

"இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாத்திட்டுத்தான் மறுவேலை!"

சிறீதரன் லேசில் கோபப்படுகிற ஆள் இல்லை. பட்டால் லேசில் ஆறவும் மாட்டார்.

சுவிஸில், டீட்டிகோன் கிடங்கில் சனிக்கிழமை வேலையை முடித்து, சாப்பிடாமல் கொள்ளாமல் ரயிலும் பஸ்ஸும் பிடித்து, ஒன்றரைக்கே மட்ச் தொடங்கிவிடும் வின்டர்தூர் உதைபந்து மைதானத்துக்கு ஓடிவந்தால், மகள் தக்ஷிகா அப்போதுதான் சப்பாத்து லேஸ் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இதோடு ஏழாவது சனிக்கிழமை.

"திரும்பவும் முதல் பாதி பெஞ்சோ?"

"ஓம் அப்பா. எல்லாரும் பாதி நேரம்தானே விளையாடலாம். எனக்கு ரெண்டாம் பாதி."

"மற்றப் பிள்ளையளுக்கு மாறி மாறி வருது. உனக்கு மட்டும் எப்பவும் மிச்சம் மீதியோ? கறுத்தத் தோலெண்டால் இளக்காரம்!"

மனைவி யசோதரா கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, சனம் பாக்குது."

"பாக்கட்டும். இண்டையோட இந்தக் கிளப்பிலயிருந்து இவளை நிப்பாட்டுறன்."

தக்ஷிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தென்றால் உயிர் அவளுக்கு. அவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

பயிற்சியாளர் டெரக் அமெரிக்கர். பதினாலு வருஷம் தொழில்முறை அணிகளில் நடுக்களத்தில் ஓடி, முழங்கால் போய், 2009இல் ஓய்வெடுத்து, சுவிஸ் மனைவியோடு இங்கே வந்து குடியேறியவர்.

அவர் முன்னால் போய் நின்று சிறீதரன் தனக்குத் தெரிந்த ஜேர்மனில் வெடித்தார்.

"நீங்கள் எல்லா மட்சிலயும் முதல் விசிலிலயிருந்து விளையாடின ஆள். இன்ரநெற்றில பாத்தனான். என்ர பிள்ளை மட்டும் ஏன் வெளியில இருக்கவேணும்?"

டெரக் கோபப்படவில்லை. அவருடைய ஜேர்மனும் அரைகுறைதான்.

"என்ர அம்மாவுக்குச் சனிக்கிழமையளில ஆஸ்பத்திரிக் குசினியில சமையல் வேலை," என்றார். "சின்ன வயசில நான் எப்பவும் முதல் பாதிதான். அவ ஓடிவந்து சேர, என்னை வெளியில எடுத்திடுவினம். நான் பெரிய கிளப்புக்குப் போக முதலே அவ செத்துப்போனா. பிறகு எவ்வளவோ சனம் என்ர விளையாட்டைப் பாத்தது. அவ ஒருநாளும் பாக்கேல்லை."

சிறீதரனுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பாவம் மனுசன். ஆனாலும் விட மனமில்லை.

"அதுக்கும் என்ர பிள்ளைக்கும்..." என்று இழுத்தார்.

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியது. தக்ஷிகாவின் முதுகில் தட்டி மைதானத்துக்குள் ஓடவிட்டுத் திரும்பினார் டெரக்.

"உங்கட பஸ் ரெண்டேகாலுக்குத்தானே வருது?"