ஈரத்துணிக்குக் கீழே

ஃபொகாச்சா என்ற தட்டை ரொட்டிக்குப் பிசைந்த மாவு, பீங்கான் கிண்ணத்துக்குள் அசையாமல் கிடந்தது. அடுப்பு சூடாவதற்குள் பொங்காவிட்டால் தூக்கிக் கொட்டிவிடுவார்கள். கிண்ணத்துக்கு ஒரே பயம்.

"துணியக்கா, கொஞ்சம் விலகேன். பிள்ளை மூச்சு விடுதான்னு பார்க்கணும்."

"இப்பத்தானே பார்த்தே! நான் விலகினா குளிர்காத்து உள்ளே போகும்" என்றது, மேலே மூடியிருந்த ஈரத்துணி.

பக்கத்தில் பன் மாவு வைத்திருந்த தட்டு எட்டிப் பார்த்தது. "எங்க வீட்டுது விளிம்பைத் தாண்டி நிக்குது. நீ என்னதான் ஊட்டறே?"

"ஆலிவ் எண்ணெய், உப்பு, நறுக்கின ரோஸ்மேரி இலை..."

"சீனி?"

"இல்லை."

"அதான் சவலையா கிடக்கு!"

கிண்ணம் மேலே பார்த்துக் கேட்டது. "அக்கா, கொஞ்சம் சீனி கேட்கட்டுமா?"

"அது நிமிர்ந்து நிக்கிற ரொட்டி. இது பரந்து படுக்கிறது. எண்ணெய் குடிச்ச மாவு மெதுவாத்தான் எழும்பும். சும்மா இரேன்."

கிண்ணத்துக்குச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். இருந்தாலும் இருந்தது.

வெகுநேரம் கழித்து, அடுப்பு முழுக்கச் சூடாகுமுன், துணி சிரித்தது.

"என்னக்கா?"

"என் வயித்துல முட்டுது உன் பிள்ளை. விலகட்டுமா, பார்க்கிறியா?"

ரோஸ்மேரி வாசனை மெல்லக் கசிந்தது.

"வேண்டாம்," என்றது கிண்ணம். "குளிரும்."