உதடு பிரியக் கூடாது

"சார், பல்லைக் கொஞ்சம் உள்ள வைங்க."

"வச்சுட்டேன் ஐயா."

வைக்கவில்லை. அத்தனையும் வரிசை கட்டி வெளியேதான் நின்றன.

ஸ்டூடியோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். எதிர்ச்சாரியில் பாஸ்போர்ட் அலுவலகம். சிரித்த முகத்துக்கு அங்கே இடமில்லை. உதடு பிரிந்தால் படம் திரும்பி வந்துவிடும். போன வாரம் ஒன்று வந்தது. அதற்கு முந்தின வாரமும் ஒன்று. இன்னொன்று வந்தால், "அந்த ஸ்டூடியோவா? போகாதீங்க" என்று அலுவலக வாசல் காவலாளியே ஆளைத் திருப்பிவிடுவார். அப்புறம் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"அப்பா பதினோரு மணிக்கு வருவார், பாஸ்போர்ட்டுக்கு அவசரமாப் படம் வேணும்" என்று ஒரு பெண் போனில் சொல்லியிருந்தாள். சரியாகப் பதினோரு மணிக்கு இந்த மனிதர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். விளக்கு முகத்தில் அடித்ததும், "நான் ரெடி ஐயா" என்றார். அப்போது ஆரம்பித்த சிரிப்பு இது.

"ஏதாவது கவலையா நினைச்சுக்குங்க சார். பல்வலின்னு வைங்க."

மனிதர் கண்ணை மூடி நினைத்தார். "வலிக்குது ஐயா. ஆனா வலிக்கிறது ஒண்ணுதான். மீதி எல்லாம் சத்தம் போடாம எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு!"

சிரிப்பு காதுவரை போனது.

"சரி, உங்க வழுக்கையை நினைங்க."

"வழுக்கை எங்க ஐயா? முகம் கொஞ்சம் பின்பக்கம் வரைக்கும் வளர்ந்திருக்கு, அவ்வளவுதான்."

"மாமியார் நாலு பெட்டியோட வந்து எறங்குறாங்க!"

"வரட்டுமே. எங்க வீட்டுல என் சம்சாரத்தைத் திட்டத் தைரியம் உள்ள ஒரே ஆள்." சொல்லிவிட்டு மனிதர் கெஞ்சலாகக் கேட்டார். "ஐயா, கொஞ்சம் கஷ்டமாவே குடுங்க. சுலபமா விட்டுட்டார்னு பின்னால ஒரு பேச்சு வரக் கூடாது."

மூலையில் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரரின் மனைவி எழுந்து வந்தாள்.

"நகருங்க. ஒருத்தர் முகத்தை வாட வைக்கத் தெரியல. என்னை மட்டும் இத்தனை வருஷமா எப்படித்தான் வாட வச்சீங்களோ!" என்றவள், மனிதரின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நீங்க வளர்த்தவங்க, பழகினவங்க எல்லாரும் உங்களை மறந்துட்டாங்க. தெருவுல பார்த்தா, யாருன்னு கேக்குறாங்க."

சிரிப்பு நின்றது. உதடுகள் ஒன்றையொன்று நெருங்கின. ஸ்டூடியோக்காரரின் விரல் பொத்தானை நோக்கிப் பாய்ந்தது. போய்ச் சேருவதற்குள்,

"அப்போ என் பழைய கதையெல்லாம் அவங்களுக்குப் புதுசா இருக்கும்லம்மா! முதல்லேருந்து சொல்லலாமே!"

பல் மறுபடி வெளியே வந்தாயிற்று.

"இது எப்படி அண்ணே முடியுது உங்களால?"

"கெட்ட நினைப்பை விரட்டினா அது போய் இன்னும் ரெண்டைக் கூட்டிட்டு வரும்மா. நான் விரட்டுறதில்ல. சட்டையைத் திருப்புற மாதிரி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்ப்பேன். சிலது லேசில திரும்பாது. மறந்துட்டாங்கன்னு நீ சொன்னியே, அது தையல்ல கொஞ்சம் மாட்டிக்கிச்சு. ஆனாலும் திரும்பிடுச்சு."

அவள் தன் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "இவரைத் திருப்பினாலும் உள்ள ஏதாவது நல்லது இருக்கும்கிறீங்களா?"

மனிதர் சிரித்தார். அவளும் சிரித்தாள். தன் கல்யாணப் படத்தில்கூடச் சிரிக்காத ஸ்டூடியோக்காரர், சிரிக்க ஆரம்பித்து நிறுத்தத் தெரியாமல் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாண்டு ஆடியது. விளக்குக் குடை சரிந்து மனைவியின் தலையில் கவிழ்ந்தது.

"கடை போனாப் போவுது!" என்று பொத்தானை அமுக்கினார். பல்லோடுதான் விழுந்தது படம்.

மனிதர் எழுந்து பணிவாகக் கைகூப்பினார். "ஐயா, நான் பாஸா?"

"எதுல?"

"மகிழ்ச்சிப் பயிற்சியில. பாடமெல்லாம் போன்லயே முடிஞ்சுது. இன்னிக்குத்தானே கடைசிப் பரீட்சை? வெளியிலேருந்து ஒரு வாத்தியார் வருவார், அவர் என்னதான் கிளறினாலும் முகம் வாடக் கூடாதுன்னு சொன்னாங்க. பதினோரு மணி, லிஃப்ட்டுக்கு நேர் எதிர்க் கதவு."

ஸ்டூடியோக்காரருக்குச் சிரிப்பு அறுந்தது. பயிற்சி வகுப்பு மேல் மாடியில். அங்கேயும் லிஃப்ட்டுக்கு நேர் எதிரே ஒரு கதவு இருக்கத்தான் செய்தது.

"ஏங்க," என்றாள் மனைவி குடைக்குள்ளிருந்து, "அப்ப போன்ல பேசின பொண்ணோட அப்பா எங்க?"

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டூடியோக்காரர் படியேறி ஓடினார். மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

மேலே, பரீட்சையைப் பதிவு செய்ய வைத்திருந்த கேமராவின் முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்த முதுகு, நேர்ப் பார்வை, பூட்டு போட்ட உதடு. வெளியிலிருந்து வந்த வாத்தியார், சட்டையெல்லாம் வியர்வையாகத் தரையில் சரிந்து கிடந்தார்.

"பரீட்சையை ஆரம்பிக்கவே முடியல சார்!" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். "இவர் முதல்ல சிரிச்சாத்தானே நான் அதைக் கெடுக்க முடியும்? தெரிஞ்ச ஜோக்கெல்லாம் தீர்ந்துபோச்சு. தலைகீழா நின்னுகூடக் காட்டிட்டேன்!"

ஸ்டூடியோக்காரர் காதில் அது விழவில்லை. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு முகத்தை அவர் கண்டதே இல்லை. கை தானாகக் கேமராவைத் தூக்கியது. கிளிக்.

பெரியவர் உதடு அசையாமல் கேட்டார்: "முடிஞ்சுதா தம்பி? இவர் தலைகீழா நின்னாரே, அதுக்கு இப்பவாவது சிரிச்சுக்கலாமா?"