குடுமி இல்லாத வாத்து

"அது ஸ்காப் வாத்து இல்ல டோரீன். சாதாரண டஃப்டட், பெட்டை" என்றார் ஓஸ்வால்ட், டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

டோரீனின் முகம் தொங்கிப்போனது. ஜோகுபாளையத்திலிருந்து ஆட்டோ, மெட்ரோ, மறுபடி ஆட்டோ என்று வைட்ஃபீல்ட் ஏரிக்கு வருஷக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் டீச்சர் அவர். இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு பறவையை எல்லோருக்கும் முன்னால் பார்த்திருந்தார்.

விஷயம் வெறும் வாத்து இல்லை. ஏரி வாசலில் பறவைக் குழு ஒரு பெரிய பலகை வைக்கப்போகிறது. ஒவ்வொரு பறவையின் படத்துக்குக் கீழேயும், அதை இந்த ஏரியில் முதலில் பார்த்தவர் பெயர். பலகை முழுக்க ஓஸ்வால்ட், ஓஸ்வால்ட் என்றுதான் இருந்தது. காக்காயைக்கூட அவர்தான் முதலில் பார்த்தாராம். அதுவரை ஊரே கண்ணை மூடிக்கொண்டு வாக்கிங் போயிருக்கிறது போலும்.

"நல்லா பாருங்க ஓஸ்வால்ட். டஃப்டட்னா தலைக்குப் பின்னால குடுமி இருக்கணும்ல? இதுக்கு இல்லவே இல்ல. மூக்கைச் சுத்தி வேற எவ்ளோ வெள்ளை! ஸ்காப்தானே அப்படி இருக்கும்?"

"சில டஃப்டட் பெட்டைக்கும் வெள்ளை இருக்கும் டோரீன். அப்புறம், குடுமி. அது நிமிஷத்துக்கு ஒரு தடவை முங்கி முங்கி எந்திரிக்குது. நனைஞ்ச குடுமி தலையோட ஒட்டிக்கும். இதெல்லாம் பேசிக்ஸ்!"

சொல்லிவிட்டு ஓஸ்வால்ட் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். அளந்துவிடுவதற்குக்கூடப் புத்தகத்திலிருந்து பாயிண்ட் எடுக்க அவரால்தான் முடியும். உண்மையில், அந்த வாத்தைப் பார்த்த நொடியே அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வழுவழுவென்று உருண்டைத் தலை, அலகைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஸ்காப்பேதான்! இந்த ஏரியில் இதுவரை யாருமே பார்க்காத ஸ்காப். அதற்குக் கீழே போய் 'டோரீன்' என்று வருவதா?

"மனசு கேக்கலன்னா குரூப்ல போட்டுப் பாருங்க. ஆனா சிரிப்பாங்க" என்றார், ரொம்பப் பரிவாக.

டோரீன் போடவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பிளாஸ்கைத் திறந்து, முதல் காபியை அவருக்கே ஊற்றிக் கொடுத்தார். ஓஸ்வால்ட் அதையும் கூச்சப்படாமல் வாங்கிக் குடித்தார்.

டோரீன் மெட்ரோ ஏறியிருப்பார் என்று தெரிந்த பிறகு குரூப்பில் செய்தி வந்தது. 'நண்பர்களே, தென்கரையில் ஸ்காப்! சந்தேகமே வேண்டாம். முதலில் பார்த்தது: ஓஸ்வால்ட். நாளை காலை அனைவரும் வருக.'

டோரீன் கேட்டால் சொல்லப் பதிலும் தயாராக வைத்திருந்தார். உங்க வாத்து வடகரை, என் வாத்து தென்கரை. வாத்துக்கு நீந்தத் தெரியும் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கரையில் நல்ல கூட்டம். சர்ச்சுக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலப் பூசையிலேயே கடமையை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். வாசலில் டெம்போவிலிருந்து பலகையே இறங்கிக்கொண்டிருந்தது.

"சக்கத் சார், சூப்பர்!" என்று ஓடி வந்தார் குழுவின் செயலாளர் ஞானசேகரன். "உங்க மெசேஜ் பார்த்ததும் பிரிண்டருக்கு போன் போட்டேன். ஸ்காப் படம், கீழ உங்க பேரு. ராத்திரியே அடிச்சுக் குடுத்துட்டான்!"

ஓஸ்வால்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தார். டஃப்டட்டையும் ஸ்காப்பையும் பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லையாம். கத்துக்குட்டிகள் ஏமாந்துபோவார்களாம். "ஆசைப்பட்டுக்கிட்டுப் பார்த்தா, இருக்கறது தெரியாது. ஆசைப்பட்டதுதான் தெரியும்" என்றபோது அவர் பார்வை டோரீன் பக்கம் போய் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

டோரீன் தட்டவில்லை. நேராக டெலஸ்கோப்புக்குப் போய்க் குனிந்தார்.

அதே வாத்துதான். இன்றைக்கு அது முங்குகிற உத்தேசத்தில் இல்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டு ஒரு மண்திட்டில் ஏறி, இளவெயிலில் இறகைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏரிமேல் லேசாகக் காற்று வீசியது.

டோரீன் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கூட்டம் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"நேத்து நீங்க எங்கிட்ட சொன்னதுதான் சரி. குடுமி காஞ்சிருச்சு, ஓஸ்வால்ட்."