எண்ணப்படும் கைகள்

கிராமச்சங்கத் தேர்தலுக்கு நிற்கும் வக்கீல், பிறக்கிராசி பஞ்சலிங்கம், தங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்கு நடந்து வருவார் என்று வைரவன் நினைக்கவேயில்லை. ஒழுங்கை முழுவதும் வாத்தியார் அருளம்பலத்தின் பக்கம். தான் வென்றால் அவர்களுக்கென்று ஒரு கிணறு வெட்டுவிப்பதாக வாத்தியார் சொல்லியிருந்தார்.

“உங்களை மற்ற வட்டாரத்துக்குத் தள்ளிவிடச் சொல்லி என்ரை ஆக்களே கேட்டவை. நான் விடேல்லை,” என்றார் பிறக்கிராசி. “சட்டத்துக்குச் சாதி இல்லை, வைரவன். எல்லாற்றை பேரும் வாக்காளர் இடாப்பிலை இருக்கு.”

“நயினார், நாங்கள் வாத்தியாருக்கெல்லோ...”

“ஆருக்கெண்டாலும் கையைத் தூக்குங்கோ. வராமல் மட்டும் நிண்டிடாதேங்கோ.”

அவர் போனதும் வைரவனின் மனைவி வள்ளி சிரித்தாள். “தோக்கிறதுக்கு வெத்திலை வைச்சுக் கூப்பிடுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்.”

வைரவன் சிரிக்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

தேர்தலன்று ஒழுங்கை ஆண்கள் எல்லோரும் தோய்த்த வேட்டியோடு போனார்கள். வழக்கமாகக் கூட்டம் நடக்கும் ஆலமரத்தடியில் ஒருவரும் இல்லை.

“மழை வருமெண்டு பிறக்கிராசியார் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதி இடத்தை மாத்திப்போட்டார்,” என்றான் வண்டிலில் போனவன். “அம்மன் கோயில் மண்டபத்திலை நடக்குது.”

அந்தக் கோயில் படியை அவர்களில் ஒருவரும் மிதித்ததில்லை. மிதித்தால் குடிசைகள் எரியும்.

உள்ளே வாத்தியாரின் பெயர் கேட்டதும் வைரவன் தெருவில் நின்றே கையை உயர்த்தினான். பின்னால் நின்ற அத்தனை பேரும் உயர்த்தினார்கள்.

“மண்டபத்துக்குள் இருக்கும் கைகளைத்தான் எண்ணலாம்,” என்றார் அதிகாரி.

பிறக்கிராசி வாசல்வரை வந்தார்.

“உள்ளுக்கு வந்து தூக்குங்கோவன்,” என்றார் அன்பாக. “ஆர் உங்களை மறிச்சது?”